கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள்: ஹூஸ்டனில் குடும்பத்துடன் ஒரு பகல்

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில், ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்திருக்கும் காலத்தில் அவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு கப்பல் பயணம் போய் வருவது வழக்கமாகி வருகிறது. பெரியவர்கள் ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரே அறையில் தங்கியபடியே கடலையும் இரண்டு மூன்று ஊர்களையும் பார்த்து வரலாம். டெக்ஸாஸ் மாநிலத்தில் இருப்பவர்களுக்குக் கால்வெஸ்டன் துறைமுகம்தான் பக்கம். மெக்சிகோவின் கொசுமெல் போன்ற இடங்களுக்கு அங்கிருந்து கப்பல்கள் புறப்படுகின்றன.

இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது பலரும் கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்பதையே பார்க்கிறோம். கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பயணம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பது பல நேரங்களில் அந்த ஒரு நாள்தான். அதைச் சரியாகப் பயன்படுத்தினால், பிள்ளைகள் கப்பலை விடவும் அதிகமாக நினைவில் வைத்திருக்கும் நாளாகவும் அது அமையலாம்.

ஏன் ஒரு நாள் முன்னதாக?

விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். கப்பலுக்கு அப்படி மாற்று இல்லை. புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே பயணிகள் பட்டியலை முடித்து அரசிடம் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. அதனால் கப்பல் நிறுவனங்கள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே கதவை மூடிவிடும். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கும் அனுமதி கிடைக்காது. வராதவர்களுக்குப் பெரும்பாலும் பணமும் திரும்பி வராது.

ஹூஸ்டனின் வடக்கே உள்ள புஷ் சர்வதேச விமான நிலையத்திலிருந்து கால்வெஸ்டன் சுமார் 110 கிலோமீட்டர். தெற்கே உள்ள ஹாபி விமான நிலையத்திலிருந்தும் 60 கிலோமீட்டருக்கு மேல். இடையில் இருக்கும் 45-ஆம் எண் நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பெயர் போனது. டல்லாஸிலிருந்து காரில் வருபவர்களுக்கு ஹூஸ்டன் வரவே நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே கப்பல் ஏறும் அன்று காலையில் கிளம்பி நேராகத் துறைமுகம் போவது என்ற திட்டம் வேண்டாம். முந்தைய நாளே ஹூஸ்டன் பக்கம் வந்துவிடுவதுதான் பாதுகாப்பு.

வந்த பிறகு அந்த நாளை ஹோட்டல் அறையில் கழிக்க வேண்டியதில்லை. ஹாபி விமான நிலையத்துக்கும் கால்வெஸ்டனுக்கும் நடுவில், அதே நெடுஞ்சாலையை ஒட்டி, நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாக 'ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டன்' 1992 முதல் இயங்கி வருகிறது. அங்கிருந்து துறைமுகம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம்.

எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் களைத்துவிடுவார்கள். மறுநாள் கப்பலில் ஏறும்போது யாருக்கும் தெம்பு இருக்காது. நான்கு இடங்களை நன்றாகப் பார்த்தால் போதும் என்பது நம் யோசனை.

முதலாவது, ராக்கெட் பூங்கா. அருங்காட்சியகத்திலிருந்து டிராம் வண்டியில் ஜான்சன் மைய வளாகத்துக்குள் அழைத்துச் செல்கிறார்கள். மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் அங்கே ஒரு நீண்ட கூடத்தில் படுக்க வைக்கப்பட்டிருக்கிறது. உலகில் எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. அதில் ஒன்று இது. நீளம் 363 அடி. நிமிர்த்தி வைத்தால் 36 மாடிக் கட்டிடத்தின் உயரம் இருக்கும். இதன் அடிப்பகுதியில் இருக்கும் ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து 2,000 டன்னுக்கும் மேற்பட்ட எரிபொருளையும் திரவ ஆக்சிஜனையும் சுமார் இரண்டரை நிமிடத்தில் எரித்துத் தீர்த்துவிடும். எஞ்சின் பக்கம் நின்று பார்த்துவிட்டு மறுமுனை வரை நடந்து போகச் சொல்லுங்கள். மனிதர்கள் உட்கார்ந்த கூடு எவ்வளவு சிறியது, அதைத் தள்ளத் தேவைப்பட்டது எவ்வளவு பெரியது என்பது பிள்ளைகளுக்கு விளக்கமில்லாமலே புரியும்.

இரண்டாவது, பழைய கட்டுப்பாட்டு அறை. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது அதை வழிநடத்திய அதே அறை இது. 1992 வரை பயன்பாட்டில் இருந்தது. 2019-இல் அன்றிருந்தபடியே மேசைகள், திரைகள், காபிக் கோப்பைகள், சிகரெட் சாம்பல் கிண்ணங்கள் வரை மீட்டமைத்துத் திறந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்வையாளர் இருக்கைகளில் அமர்ந்து பார்க்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, முன்பதிவும் தேவை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: இந்தக் கட்டிடத்தில் 80-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், லிப்ட் கிடையாது. மூட்டு வலி உள்ள பெரியவர்களை இங்கே அழைத்துப் போகாமல், அருங்காட்சியகத்தின் குளிர்ந்த கூடத்தில் உட்கார வைப்பது நல்லது.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது மூன்று பேரை உயிருடன் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் இந்த அறையில் இருந்தவர்கள்தான். விண்கலத்துக்குள் கரியமில வாயு கூடிக்கொண்டே போனது. அதை நீக்கும் சதுரப் பெட்டிகள் கைவசம் இருந்தன. ஆனால் அவற்றைப் பொருத்த வேண்டிய துவாரங்கள் வட்டமாக இருந்தன. விண்கலத்துக்குள் இருந்த பிளாஸ்டிக் பைகள், அட்டை, ஒட்டும் நாடா, குழாய் இவற்றை வைத்தே ஒரு வழியைக் கண்டுபிடித்து, படிப்படியாக வாயால் சொல்லிச் செய்ய வைத்தார்கள். பதற்றப்படாமல், இருப்பதை வைத்துச் செய்வது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூன்றாவது, நிலவுக் கல். அப்பல்லோ பயணங்கள் மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தன. அவற்றின் பெரும்பகுதி ஜான்சன் மையத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஒரு சிறு துண்டை அருங்காட்சியகத்தில் விரலால் தொட்டுப் பார்க்க அனுமதிக்கிறார்கள். மனிதர்களை நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ பயணங்களில் கடைசியான அப்பல்லோ 17-இன் விண்கலக் கூடும் இங்கேயே இருக்கிறது. 1972 டிசம்பரில் மூன்று பேர் அதில் திரும்பி வந்தார்கள்.

நான்காவது, வெளியே முற்றத்தில் நிற்கும் போயிங் 747 விமானமும் அதன் முதுகில் ஏற்றி வைத்திருக்கும் ஷட்டில் விண்கலத்தின் முழு அளவு மாதிரியும். விமானம் அசல், ஷட்டில்களை அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுமந்து சென்ற அதே விமானம். இரண்டுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம்.

இந்த நான்குக்கும் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். டிராம் திறந்த வண்டி. ஹூஸ்டனின் கோடை வெயிலும் புழுக்கமும் கடுமையானவை. ஆகவே காலையில் திறந்தவுடன் போய் டிராம் பயணத்தை முதலில் முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது உள்ளே வந்துவிட வேண்டும். திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகள்

'நம்ம ஆளுங்க யாராவது விண்வெளிக்குப் போயிருக்காங்களா வாப்பா?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பதில் தெரிந்திருப்பது நல்லது.

1985 ஜூன் மாதம், ரமளானின் கடைசி நாட்களில், டிஸ்கவரி ஷட்டிலில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் சென்றார். விண்வெளிக்குப் போன முதல் அரபியர், முதல் முஸ்லிம் அவர்தான். 2007 அக்டோபரில் மலேசிய மருத்துவர் ஷேக் முஸ்ஸபர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அப்போதும் ரமளான். அந்த நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் 16 முறை சூரியன் உதித்து மறைகிறது. அப்படியானால் எத்தனை முறை தொழுவது, எந்தத் திசையில் தொழுவது? மலேசிய அறிஞர்கள் கூடி அதற்கொரு வழிகாட்டி தயாரித்தார்கள். 24 மணி நேரத்துக்கு ஐந்து வேளை. நேரக் கணக்கு ராக்கெட் புறப்பட்ட ஊரின் நேரப்படி. கிப்லா இயன்ற அளவுக்கு என்பது அதன் சாரம். 2023-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல்நெயாதி அங்கே ஆறு மாதம் தங்கி, விண்கலத்துக்கு வெளியே வந்து பணி செய்த முதல் அரபியர் ஆனார். அவர் பயிற்சி பெற்ற இடங்களில் இதே ஜான்சன் மையமும் ஒன்று.

அப்பல்லோ காலத்திலும் நம்மவர்களின் பங்கு உண்டு. எகிப்தில் பிறந்த நிலவியல் அறிஞர் ஃபாரூக் அல்பாஸ், நிலவில் எங்கே இறங்குவது என்று தேர்ந்தெடுத்த குழுவில் பணியாற்றினார். மேலிருந்து பார்த்து நிலவின் தரையை எப்படி அடையாளம் காண்பது என்று விண்வெளி வீரர்களுக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான்.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். அப்பல்லோ வீரர்கள் திசையைச் சரிபார்க்க 37 விண்மீன்களின் பட்டியலை வைத்திருந்தார்கள். அதில் அல்டெபரான், ரிஜெல், டெனெப், அல்டேர் என்று வரும் பெயர்கள் எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. ரிஜெல் என்றால் கால், டெனெப் என்றால் வால், அல்டேர் என்றால் பறப்பது. நிலவின் பள்ளங்கள் சிலவற்றுக்கும் இப்னுல் ஹைதம், அல்பிரூனி, அல்பத்தானி ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. இதைச் சொல்வது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. வானத்தைக் கவனித்து, அளந்து, எழுதி வைத்த உழைப்பு கைமாறிக் கைமாறித்தான் இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் இருக்கலாம் என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குக் கல்பனா சாவ்லாவைப் பற்றியும் சொல்லலாம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் டெக்ஸாஸ் வானில் சிதறியபோது உயிரிழந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். உயிர்நீத்த வீரர்களின் நினைவாக மரங்கள் நடப்பட்ட தோப்பு ஒன்று ஜான்சன் மைய வளாகத்தில் இருக்கிறது.

தொழுகை

கோடையில் இங்கே சூரியன் மறைய இரவு 8:20-ஐத் தாண்டும். டிசம்பரிலோ மாலை ஐந்தரைக்கெல்லாம் மஃக்ரிப் வந்துவிடும். ஆகவே எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தே திட்டமிட வேண்டும். பயணிக்குரிய கஸ்ர் சலுகையையும், லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவதையும் அவரவர் மத்ஹபின்படி முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. பக்கத்திலேயே கிளியர் லேக் இஸ்லாமிக் சென்டர் இருக்கிறது. அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு அங்கே போய் நிம்மதியாகத் தொழலாம். அந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் ஜும்ஆ நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சாப்பிடுவது, எதைக் கேட்பது?

ஹூஸ்டன் நம் போன்றவர்களுக்குச் சாப்பாட்டில் குறை வைக்காத ஊர். நகரின் தென்மேற்கே ஹில்கிராஃப்ட் சாலையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் இந்திய, பாகிஸ்தானிய, அரபு உணவகங்களால் நிறைந்தவை. ஹிமாலயா, அகாஸ் ஆகிய இரண்டும் ஹலால் இறைச்சிக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அருங்காட்சியகத்திலிருந்து அங்கே போக நெரிசல் இல்லாவிட்டாலும் முக்கால் மணி நேரம் ஆகும். எனவே முதல் நாள் இரவே வந்து சேர்பவர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டு, மறுநாளைக்கும் பொட்டலம் கட்டி வாங்கி வருவது வசதி. எந்த உணவகமானாலும் போன் செய்து ஒரு வார்த்தை உறுதிப்படுத்திக்கொண்டே போங்கள். கைமாறிய கடைகளில் பழைய நிலை தொடர வேண்டும் என்பதில்லை.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கிமா, கால்வெஸ்டன் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் கடல் உணவு, மெக்சிகன், பார்பிக்யூ கடைகள். கால்வெஸ்டன் கடற்கரைச் சாலையில் 1911 முதல் நடந்துவரும் கடல் உணவகம்கூட உண்டு. மீன் தானே, என்ன யோசனை என்று உள்ளே போய்விடுகிறோம். இங்கேதான் கவனம் தேவை.

மீன் வறுவல்: மாவைப் பீர் ஊற்றிக் கரைக்கும் பழக்கம் இங்கே சாதாரணம். கோழியும் பன்றி இறைச்சியும் பொரித்த அதே எண்ணெயில் மீனையும் போடுவார்கள். மாவில் பீர் உண்டா, எண்ணெய் தனியா என்று இரண்டையும் கேளுங்கள். சுட்ட மீன் கேட்டால் இந்தத் தொல்லை குறைவு. அதிலும் ஒயின் கலந்த சாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

இறாலும் நண்டும்: கடற்கரை ஊர்களின் ஷாஃபி குடும்பங்களுக்கு இதில் தயக்கமில்லை. ஹனஃபி குடும்பங்களில் நண்டு சாப்பிடுவதில்லை. இறாலில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து போகும் பயணத்தில், ஒருவர் தட்டை மற்றவர் விமர்சிக்காமல் இருப்பதே மரியாதை. இறாலைச் சுற்றிப் பன்றி இறைச்சிப் பட்டையைக் கட்டிப் பொரிக்கும் வகை ஒன்று உண்டு. அது யாருக்கும் ஆகாது.

கம்போ: இறாலும் நண்டும் போட்ட கெட்டியான குழம்பு போலத் தெரியும். பெரும்பாலும் உள்ளே பன்றி இறைச்சியால் செய்த சாஸேஜ் துண்டுகள் கிடக்கும்.

மெக்சிகன் உணவு: சைவம் என்று நினைத்து வாங்கும் மசித்த பீன்ஸிலும், மைதா ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். எல்லாக் கடைகளும் அப்படியில்லை; கேட்டால் சொல்லிவிடுவார்கள். மக்காச்சோள ரொட்டியில் பொதுவாகக் கொழுப்பு சேர்ப்பதில்லை.

பார்பிக்யூ: மாட்டு இறைச்சிதான் டெக்ஸாஸின் பெருமை. ஆனால் சாதாரணக் கடைகளில் அது ஹலால் முறையில் அறுக்கப்பட்டதல்ல. பன்றி இறைச்சியுடன் ஒரே அடுப்பில் புகையூட்டப்படுவது. ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஹூஸ்டனில் உள்ள ஹலால் பார்பிக்யூ கடைகளைத் தேடிக் கொடுக்கலாம்.

பரிமாறுபவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் நாள்தோறும் இப்படித்தான் கேட்கிறார்கள். சமையலறையில் விசாரித்து வந்து சொல்வது அவர்களுக்குப் பழகிய வேலை. பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்பதைப் பார்க்கும் பிள்ளை, நாளை கல்லூரியிலும் அலுவலகத்திலும் தானே கேட்கப் பழகும். கப்பலில் ஏறிய பிறகு ஒவ்வொரு வேளையும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த நாள் அதற்கு ஒத்திகையாகவும் அமைகிறது. ஹலால் உணவு தேவை என்பதைக் கப்பல் நிறுவனத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். சில நிறுவனங்கள் ஏற்பாடு செய்கின்றன. சில, மீனும் சைவமும் மட்டுமே தர முடியும் என்கின்றன. எது என்று தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

அன்று மாலை

ஐந்து மணி வாக்கில் கால்வெஸ்டன் போய்விட்டால், கடற்கரைச் சுவரின் மேல் காற்று வாங்கியபடி நடக்கலாம். 1900 செப்டம்பரில் வீசிய புயலில் இந்தத் தீவில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு எழுப்பியதுதான் 17 அடி உயரமுள்ள இந்தச் சுவர். நம் கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தவுடன் சுனாமியும் புயல்களும் நினைவுக்கு வரும்.

அறைக்குத் திரும்பியதும் ஆவணங்களை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டுகள், கிரீன் கார்டு உள்ளவர்களின் அசல் அட்டை, கப்பல் அனுமதிச் சீட்டு, வாகன நிறுத்தத்துக்கான முன்பதிவு, பெரியவர்களின் மருந்துகள். மருந்துகளையும் பாஸ்போர்ட்டையும் துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

விசா விஷயத்தை மட்டும் இந்த இரவுக்கு விட்டு வைக்கக் கூடாது. கப்பல் மெக்சிகோ போய்த் திரும்புவது, அமெரிக்காவை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதாகவே கணக்கிடப்படும். ஊரிலிருந்து வந்த பெற்றோரின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். வேலை விசாவில் இருப்பவர்களில், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை காலாவதியாகி அங்கீகாரக் கடிதம் மட்டும் கையில் உள்ளவர்கள், குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன தேவை என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

இவ்வளவையும் முடித்துவிட்டால் மறுநாள் காலை அவசரமே இல்லை. பஜ்ரு தொழுது, நிதானமாகப் பசியாறி, கொடுத்த நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேரலாம். அன்று இரவு கரை மறைந்த பிறகு, வானம் தெளிவாக இருந்தால் பிள்ளைகளை மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். முந்தைய நாள் தொட்டுப் பார்த்த கல் எங்கிருந்து வந்தது என்று அவர்களே விரல் நீட்டிக் காட்டுவார்கள், இன்ஷா அல்லாஹ்.